கொண்டைக்குப் பூசிய வாஸ்லின்

ஜனவரி 9, வெள்ளி

என் வாஸ்லின் போத்தல் காலி. அகஸ்ரின் முழுவதையும் சேவலின் கொண்டையில் பூசிவிட்டார். குளிரில் விறைத்துவிடுமாம். காலையிலிருந்து கோழிக்கூட்டின் இடுக்குகளையெல்லாம் பிளாஸ்ரிக்கால் மூடி ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டு வாசலில் நின்று சொன்னேன்: "இருபதாம் திகதி என்ரை மார்புக் கட்டியிலை ஊசியாலை கொஞ்சம் எடுத்துப் பாக்கப்போகினம். நீங்களும் வாங்கோ."

"ம், பாப்பம்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்த மனுஷன்.

ஜனவரி 20, செவ்வாய்

சைபருக்குக் கீழே இருபத்தேழு. காரடி வரை வந்தவர், "இந்தக் குளிரிலை சேவலை விட்டிட்டு வரேலாது மலர். நீ மெதுவா ஓட்டிக்கொண்டு போ" என்றார்.

சேவலை விட்டிட்டு வரேலாதாம்!

எங்கள் ஊர் ஸ்ரௌவ்வில்லிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஓட்டிப் போனேன். கூட யார் வந்தது என்று தாதி கேட்டாள். கணவர் கார் பார்க் பண்ணுகிறார் என்று பொய் சொன்னேன். ஏன் சொன்னேன்? ஆரைக் காப்பாத்த?

ஜனவரி 21

நான் இன்று அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவருக்குத் தெரிந்ததா என்றும் தெரியவில்லை.

ஜனவரி 24, சனி

கொண்டையின் நுனிகள் கறுத்துவிட்டன. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

பிறகு கூட்டுக்குள் போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் ஈரம். கூரையின் உட்புறத்தில் உறைபனி. கோழித் தீன் வாங்கும் கடைக்கு ஃபோன் பண்ணினேன். கோழிகளின் மூச்சிலும் எச்சத்திலும் வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொண்டையில் படிந்து உறைகிறது என்றாள் கடைக்காரி. மேலே திறந்துவிட வேண்டுமாம். படுக்கிற இடத்தில் காற்று அடிக்கக் கூடாதாம்.

"நீங்கள் அடிச்ச பிளாஸ்ரிக்தான் அதைக் கறுப்பாக்கினது!" என்று கூட்டுக்குள் வந்த அவரைப் பார்த்துக் கத்தினேன். கத்திக்கொண்டே சுத்தியலின் பின்பக்கத்தால் மேல் பிளாஸ்ரிக்கைக் கிழித்தேன். "நான் அங்கை தனியக் கிடந்தனான். சேவலுக்கு நீங்கள். எனக்கு ஆர்?"

அவர் தீன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து அழுதார். "டொக்டர் என்ன சொல்லுவாரோ எண்டு பயந்து போனன். சேவல் சும்மா ஒரு சாட்டு."

"எனக்குப் பயமில்லையோ?"

நான் இரங்கவில்லை. இப்போது இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஜனவரி 29, வியாழன்

புற்றுநோய்தான். சின்னது, நேரத்தோடு பிடித்துவிட்டோம் என்றார் டொக்டர். பெப்ரவரி 17 ஒப்பரேசன். முடிவையும் திகதியையும் அவர் பார்க்கக் கடுதாசியில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். வாய் திறந்தால் திட்டுத்தான் வரும்.

பெப்ரவரி 6, வெள்ளி

அவர் கூட்டுத் தரையின் ஈர மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பரப்பியிருக்கிறார். கூடு காய்ந்திருக்கிறது. கறுத்த நுனிகளை வெட்டாமல் விட்டோம். இன்று ஒன்று தானாக உதிர்ந்தது. சேவல் ஒன்றும் நடக்காதது போலக் கூவுகிறது.

எனக்கு ஆறவில்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி. இன்னும் கூப்பிடவில்லை.

விடிய நான் கோட்டைப் போட்டு வெளியே வரும்போது கார் ஸ்ரார்ட்டில் நின்றது. அவர் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். கோழிகளை ஆர் பாப்பினம் என்று கேட்டேன்.

"ஒருத்தருமில்லை. பின்னேரம் வரைக்கும் கிடக்கட்டும்."

நான் வேண்டுமென்றே பின் சீற்றில் ஏறினேன். நெடுஞ்சாலை வந்த பிறகு நான்தான் முதலில், "ஹீற்றரைக் கூட்டுங்கோ" என்றேன்.

இப்போது என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார்.