அப்பா பவானிக்கு வந்த கார்

ஆசை அண்ணாவுக்கு,

உங்கள் காரில் கை வைத்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட பதினேழு இஞ்ச் அலாய் வீல்களைக் கழற்றிவிட்டு, வண்டி வாங்கும்போது வந்த பதினைந்து இஞ்ச் வீல்களையே திரும்ப மாட்டிவிட்டேன். கோபப்படாமல் கேளுங்கள்.

நீங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்னால்தானே அப்பா வழுக்கி விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். பங்காளிகள் உங்கள் அஸ்தியைப் பவானிக்குக் கொண்டுபோன அன்று அவர் எழவே முடியாமல் கட்டிலில் கிடந்தார். "எம்பையனைக் கரைக்கறப்போ நானு பக்கத்துல இல்லாமப் போயிட்டனே" என்று அதன் பிறகு எத்தனை முறை சொல்லியிருப்பார்!

எலும்பு கூடி, வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார். பயணம் போகலாம், குலுங்காமல் போகணும் என்றார் டாக்டர். ஆனால் உங்கள் காரில் கிளம்பினால், திருப்பூரில் நம் ராயபுரத்தைத் தாண்டுவதற்குள் குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளங்கள் எத்தனை! ஒவ்வொன்றிலும் தலைக்கு மேல் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். மூன்றாவது பள்ளத்தில், "திருப்பிப்போடு அம்மிணி, முடீல" என்பார். உங்கள் முதல் வருசத் திதிக்கு இருபது நாள்தான் இருந்தது. அன்றைக்காவது அவரைப் பவானிக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று நினைத்தேன்.

வண்டி ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறது என்று கேட்க டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். டயரின் பக்கவாட்டில் விரல் வைத்து அளந்தார்.

"பாக்க ஜோராத்தான் இருக்குக்கா. ஆனா ரிம் பெருசானா டயர் ஒல்லியாத்தானே ஆகும்? அடிய வாங்கிக்க காத்துக்கு எடமே இல்ல. அம்புட்டும் உள்ள இருக்கவங்க முதுகுக்குத்தான் போவும். பழைய வீலு இருக்கா, வித்துட்டாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவன் ஆசையாப் போட்டதுங் கண்ணு. அதைக் கழட்டிப்போட்டு நானு சொகுசாப் போகோணுமா? வேண்டாஞ் சாமி." வலியைக்கூடத் தாங்குவார், உங்கள் வீலைக் கழற்றுவதைத் தாங்க மாட்டார். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்?

மறுநாள் நம் பனியன் யூனிட்டில், ஜார்க்கண்டிலிருந்து வந்த டெய்லர் சுனிதாவிடம் சும்மா கேட்டு வைத்தேன். அவளுக்கு அக்கா என்றால் 'தீதீ'தான். துணி குடோன் பரணைக் காட்டினாள். "தீதீ, மேல இருக்கு. அண்ணா வெச்சது. தீபாவளிக்குத் தீபாவளி எறக்கும், தொடைக்கும், மறுபடி சுத்தி வெச்சிடும்."

நான்கு வீல்களும் இருந்தன, அண்ணா. ஒவ்வொன்றையும் பனியன் துணியில் குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றியிருந்தீர்கள். துணிமேல் மார்க்கரில் 'முன் இடது', 'பின் வலது' என்று உங்கள் கையெழுத்து. நட்டுகள் தனிப் பையில். டயர் மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. ரிம்மில் ஒரு கீறல் இல்லை. ஊரில் எல்லோரும் வாங்கிய வேகத்தில் விற்றுவிடுவார்கள். நீங்கள் மட்டும் ஏன் வைத்திருந்தீர்கள்? என்றைக்காவது தேவைப்படும் என்று நினைத்தீர்களா?

அந்தத் துணியைக் கொண்டுவந்து அப்பா மடியில் வைத்தேன். எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். "அவனே எடுத்து வெச்சிருந்தானா?" என்றார். பிறகு, "அப்பறமென்ன, மாட்டீருங்க" என்றார்.

புது டயரோடு வீலை அலாய்க்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். இரண்டும் ஒரே உயரம். ரிம் சுருங்கிய இடத்தில் ரப்பர் வளர்ந்திருந்தது, பக்கத்துக்கு ஒன்றரை விரல் அளவு. இவ்வளவுதானா? இந்த ஒன்றரை விரல் காற்றா ஒரு மனிதனைத் தாங்கப்போகிறது என்று நம்பிக்கையில்லாமல்தான் நின்றேன்.

திதியன்று விடிந்ததும் கிளம்பினோம். கண்ணாடியில் பார்த்தேன். அப்பா கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். முதல் பள்ளம் வந்தது. 'தும்' என்று ஒரு மெல்லிய ஓசை, அவ்வளவுதான். அடுத்த பள்ளம், அடுத்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஊத்துக்குளி ரோட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏனுங் கண்ணு, இங்கெல்லாம் எப்பப் பில்டிங் வந்துச்சு?" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, அண்ணா. நான் ஓட்டுவது அதே காரா? நாங்கள் போவது அதே ரோடா? ஒரு வருசத்துக்கு மேலாக வலியைத் தவிர வேறெதையும் பார்க்காத கண் வெளியே பார்க்கிறது! ஸ்டியரிங்கைக் கோயில் தேர்வடம் மாதிரி பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

பவானி கூடுதுறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றதும் என் தோளை விட்டார். அத்தனை கூட்டத்தில், அத்தனை மந்திரச் சத்தத்தில், ஆற்றைப் பார்த்துக் கூப்பிட்டார்: "கதிரு! நானு வந்துட்டனுங்க சாமி!"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் பாட்டுக்கு அவர் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. உங்களுக்குக் கேட்டதா?

வரும் வழியில் பெருந்துறை தாண்டும்வரை தூங்கினார். குறட்டைகூட விட்டார். விழித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அடுத்து எங்கீங் கண்ணு போலாம்?"

அவர் கேட்கிற இடத்துக்கெல்லாம் கூட்டிப்போவேன், அண்ணா. இது சத்தியம்.

உங்கள் வண்டியை ஓட்டும்,
தங்கச்சி பூங்கொடி