அம்பு விட்ட பிறகு

செப்டம்பர் 28

நூலகத்தில் எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் பெண், "தினமும் ஏதாவது எழுதுங்க தாத்தா, யார்கிட்டயோ சொல்ற மாதிரி" என்றாள். சொல்ல ஆளில்லை, எழுதுகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆறட்டும்! என் கையெழுத்து!

அக்டோபர் 1

வில்லால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கிவிட்டது. ஓடைக்கரையில் உட்கார்ந்தேன். சக்கரம் வைத்த வில்லெல்லாம் எனக்கு வேண்டாம். என் மரவில் இன்னும் வளைகிறது, தோள்தான் முனகுகிறது.

அக்டோபர் 4

இன்று வாய் திறந்தது ஒரே தடவை. அணிலைத் திட்டுவதற்கு.

அக்டோபர் 9, காலை

அடித்துவிட்டேன்! கொழுத்த பெண்மான். வெள்ளை வாலை மடக்கிக்கொண்டு ஓடியது. அம்பில் ரத்தம் கருஞ்சிவப்பு. ஈரலில் பட்டிருக்கிறது. அப்படியானால் மாலைவரை விட்டுவைக்க வேண்டும். எங்காவது படுத்து உயிர் விடும். அவசரப்பட்டுப் பின்னால் போனால் எழுந்து ஓடிவிடும்.

என் மனைவி லெம்பி இருந்தால் சீட்டுக்கட்டை எடுத்துப் போட்டு என்னை நாற்காலியோடு கட்டிவிடுவாள். இப்போது யார் கட்டுவது? அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மேகம் கறுக்கிறது. மழை பெய்தால் ரத்தத் தடம் போய்விடும். போகட்டுமா? கூடாது.

சும்மா, ஓடைவரை மட்டும்.

அக்டோபர் 10

நேற்று போயிருக்கக் கூடாது. மான் படுத்திருந்த சருகு சூடாக இருந்தது. என் காலடி கேட்டு எழுந்து ஓடையைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் ஹில்மாவின் காடு. அடிபட்ட மானே ஆனாலும் கேட்காமல் அடுத்தவர் காட்டில் கால் வைப்பதில்லை.

ஹில்மா லெம்பியின் தோழி. லெம்பியை அடக்கம் செய்த பிறகு நான் அவள் கதவைத் தட்டியதே இல்லை. எந்த முகத்தோடு போவது? ஆனால் அந்த மான் - வலியோடு - என்னால்தானே? முட்டாக் கிழவா!

தட்டினேன்.

"உசுரோடதான் இருக்கியா? உன் புகைபோக்கியில புகை வர்றதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்" என்றாள்.

"அடிபட்ட மான் உன் காட்டுக்குள்ள வந்துடுச்சு, ஹில்மா. தேடிக்கட்டுமா?"

"ரத்தம் என்ன நிறம்?"

"கருஞ்சிவப்பு."

"அதுக்குள்ள பின்னாடியே போயிட்டியாக்கும்? அறிவு இருக்கா? உக்காரு."

"மழை வருது..."

"இன்னொரு வாட்டி கிளப்பிவிட்டா அது மாவட்டம் தாண்டிப் போயிடும். உக்காருன்னேன்."

காப்பி. ஏலக்காய் ரொட்டி. சீட்டு. வானத்தையே பார்த்துக்கொண்டு ஆடி எல்லா ஆட்டமும் தோற்றேன். "லெம்பியாவது ஏமாத்தினா கண்டுபிடிப்பா. உன்னை ஏமாத்துறதுல சுகமே இல்ல" என்றாள். நான் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

மாலையில் அவளே கழிப்பறைக் காகித உருளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "ரெண்டு கிழங்க இதோட காட்டுக்குப் போறதப் பாத்தா ஊரு என்ன நினைக்கும்?" ஒவ்வொரு சொட்டு ரத்தத்துக்கும் பக்கத்துப் புதரில் ஒரு துண்டு தொங்கவிட்டோம். தூறல் ஆரம்பித்தது. ரத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தோம். வெள்ளைத் துண்டுகள் வரிசையாகச் சதுப்பு நிலத்தின் பக்கம் வழி காட்டின. அந்த வரிசையிலேயே போனோம். விழுந்த மரத்தடியில் வெள்ளை வயிறு. அவள்தான் முதலில் பார்த்தாள்.

மான் குளிர்ந்துபோயிருந்தது. தொப்பியைக் கழற்றினேன்.

தேட வந்தவருக்கு முதுகுச் சதை, அதுதான் முறை. வாங்கிக்கொண்டு, "பொரிக்கும்போது வந்து சேரு" என்றாள்.

அக்டோபர் 12

பொரித்தாள். உப்பு அதிகம். சொல்லவில்லை.

நவம்பர் 3

பெரிய கொம்பு வைத்த ஆண்மான் வந்தது. அம்பு முதுகுக்கு மேலே போய் மண்ணில் குத்தியது. சுத்தமான அம்பு, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. காத்திருக்க ஒன்றுமில்லை.

ஆனாலும் ஓடையைத் தாண்டிப் போனேன். சீட்டில் தோற்றேன். மீதிக் கதையை அவளிடமே சொல்லிவிட்டேன்.