பிள்ளையாருக்கு டொச் தெரியாது

மச்சாள்,

இன்று காலை ஒரு கடிதத்தைப் பிரித்தேன், கற்பூர வாசனை அடித்தது. எனக்கு வந்த கடிதமில்லை. பேர்ண் கோயிலில் என்னோடு சேர்ந்து மாலை கட்டும் ஒரு தங்கச்சி, நேற்றுப் பூசை முடிந்ததும் அதைக் கைப்பையிலிருந்து எடுத்து என் கைக்குள் திணித்தாள். "அக்கா, எனக்குத் திறக்கப் பயமாக் கிடக்கு. என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றாள். உறையின் மூலையில் சந்தனப் பொட்டு. வேலையில்லாக் காசு கொடுக்கும் அலுவலகத்தின் முத்திரைக்கு மேலேயே பார்த்து வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

சந்தனப் பொட்டு வைத்த அரசாங்கக் கடிதம் என்றால் எனக்கு உங்கள் நினைவுதான்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி. அந்த மாதத்தை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் தம்பி வன்னிக்குள் இருந்தான். அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றேன், கால் நகரவில்லை. எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த போர்த்துக்கேயப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்து, தம்பியைக் காணவில்லை, என்னால் வர முடியாது என்றேன். "வீட்டிலேயே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். அந்தக் கிழமை முழுக்க வானொலிக்குப் பக்கத்தில் இருந்தேன். திரும்பிப் போனபோது, சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் விட்டேன் என்று ஹோட்டல் நிர்வாகம் என்னை நிறுத்தியிருந்தது.

வேலை போனால் காப்புறுதியிலிருந்து சம்பளத்தின் பெரும்பகுதி வரும் என்று தெரியும். பதிந்தேன். ஆனால் சொந்தப் பிழையால் வேலையை இழந்தவருக்கு அதில் பல வாரக் காசை வெட்டிவிடுவார்கள். உங்கள் தம்பிக்கு, என் மனுசனுக்கு, அப்போது உணவகத்தில் அரைநாள் வேலைதான். என் காசும் நின்றால் நாங்கள் சோசியல் காசுக்கு, அரசாங்கத்தின் உதவிப் பணத்துக்கு, போக வேண்டும், சோசியலுக்குப் போனால் விசா புதுப்பிக்கும்போது கேள்வி வரும். அந்தப் பயத்தோடு இருக்கும்போதுதான் கடிதம் வந்தது. இரண்டு பக்கம் ஜேர்மன் மொழி, நிறையச் சட்ட இலக்கங்கள். எனக்கு அதில் விளங்கியது 'பிழை' என்ற ஒரு சொல்தான்.

அகதி விண்ணப்பத்தை மறுத்துக் கடிதம் வந்த காலத்திலிருந்து, ஜன்னல் வைத்த உறை என்றால் எங்கள் ஆட்களுக்குத் தீர்ப்பு. தீர்ப்பை என்ன செய்வது? சந்தனம் வைத்து, பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டேன். உங்கள் தம்பிக்கும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை நீங்கள் இடியப்ப உரலைத் திருப்பிக் கேட்டு வந்தீர்கள். வந்தவர் சும்மா இருக்கவில்லை, விளக்கு எண்ணெயில்லாமல் கிடக்கிறது என்று சாமித் தட்டைத் துடைக்கத் தொடங்கினீர்கள். கடிதம் உங்கள் கையில் வந்துவிட்டது.

"என்ன இது? ஆர் இதை இங்கை வைச்சது?"

"நான்தான். பிள்ளையார் பார்த்துக்கொள்ளுவார்."

"பிள்ளையாருக்கு டொச் தெரியாது" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டீர்கள்.

உங்கள் டொச் மட்டும் என்ன பெரிய டொச்சா? இத்தனை வருடம் சுவிஸில் இருந்தும் பேருந்துச் சாரதியோடு பாதி கையால்தான் கதைப்பீர்கள். ஆனால் விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு வெட்கமே இருந்ததில்லை. அதைவிடப் பெரிய படிப்பு இந்த நாட்டுக்குத் தேவையில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தீர்கள். எப்போதும் அப்படித்தான்.

"முடிவெண்டால் கடைசியிலைதான் போடுவாங்கள். இதிலை முடிவு ஒண்டும் இல்லை. கடைசியிலை ஒரு திகதி கிடக்கு. இது கேள்வியல்லோ. உம்மட்டைப் பதில் கேக்கிறாங்கள்."

"என்னட்டையோ?"

"ஓம். கழுத்துப்பட்டியை இறுக்கிக் கட்டின மனுசன் ஒருத்தன் எழுதியிருக்கிறான். அதாலைதான் வசனம் மூச்சு விடாமல் நீளுது. ஆனால் கேக்கிறது ஒண்டுதான். என்ன நடந்தது?"

அந்த ஜன்னல் உறைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கு உண்மையிலேயே ஒன்று தெரிய வேண்டியிருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதேயில்லை. பதில் போய்ச் சேரவேண்டிய நாள் அந்தக் கிழமைக்குள் இருந்தது. இடியப்ப உரலை நீங்கள் அன்று கொண்டுபோகவில்லை.

நான் சண்டை பிடித்ததையும் சொல்ல வேண்டும். என் தம்பி உயிரோடு இருக்கிறானோ இல்லையோ என்று எனக்கே தெரியாது, அதை ஏன் ஒரு அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று கத்தினேன். அவங்கள் காசை வெட்டினால் வெட்டட்டும், நான் யாரிடமும் போய்க் கெஞ்சமாட்டேன் என்றேன். நீங்கள் நான் கத்தி முடியும்வரை தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"கெஞ்சச் சொல்லி ஆர் சொன்னது? கேட்டதுக்குப் பதில் சொல்லுறது கெஞ்சுறதில்லை. நீர் பேசாமல் இருந்தால், ஹோட்டல்காரன் சொன்னதுதான் நடந்ததெண்டு ஆகிடும்."

தமிழில் எழுதித் தாரும், மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம் என்றீர்கள். எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபடி, மதிப்புக்குரிய ஐயா, முதற்கண் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினேன். நீங்கள் அந்த வரியை வாசித்துவிட்டுப் பேனையைக் கேட்டீர்கள்.

"நீர் என்ன பிழை செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"பின்னை ஏன் மன்னிப்பு?"

"மரியாதைக்கு, மச்சாள். கடிதமெண்டால் அப்பிடித்தானே தொடங்கிறது."

"நாங்கள் மரியாதைக்கு எழுதுவம். அவங்கள் அதை ஒப்புதல் வாக்குமூலமா வாசிப்பாங்கள். எங்கடை சனத்திலை எத்தினை பேருக்கு இப்பிடியே காசு போச்சுது தெரியுமோ? நடந்ததை எழுதும். மன்னிப்பு வேணுமெண்டால் அவங்கள் கேக்கட்டும்."

ஒரே கோடு. அந்த வரி போய்விட்டது. அதற்குக் கீழே இருந்தது எல்லாம் நடந்ததுதான். தம்பி, தொலைபேசி, அந்தப் பெண் சொன்ன வார்த்தை.

மறுநாள் இருவரும் ட்ராமில் அந்தப் போர்த்துக்கேயப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். போகும் வழியெல்லாம் நான் எப்படி உதவி கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். நீங்கள் அவளிடம் உதவியே கேட்கவில்லை. உங்கள் உடைந்த டொச்சில், அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டீர்கள். அவள் சொன்னாள். சொன்னதை எழுதித் தர முடியுமா என்றபோது அவளுடைய முகம் மாறிவிட்டது. அவளுக்கும் அதே ஹோட்டலில்தான் வேலை. நீங்கள் வற்புறுத்தவில்லை. அவள் ஊற்றிய கோப்பியைக் குடித்துக்கொண்டு, சுவரில் இருந்த அவளுடைய தாயின் படத்தைப் பார்த்து, அம்மா எங்கே இருக்கிறா, கடைசியாக எப்போது கதைத்தீர்கள் என்று விசாரித்தீர்கள். கோப்பி முடிவதற்குள் அவளே எழுந்துபோய்க் கடதாசி எடுத்து வந்தாள். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, தம்பியின் பெயரைக் கேட்டாள்.

கடிதத்தைத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கொண்டு டொச்சில் மாற்றி அனுப்பிய பிறகும் நீங்கள் விடவில்லை. அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, பதில் வந்து சேர்ந்ததா, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். அந்த ஆள் விறுவிறு என்று சொல்ல, "விளங்கேல்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்று அவருடைய மொழியில் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். கடைசியில் அவர் சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

முடிவு வந்த அன்று தபால்பெட்டியடியிலேயே நின்று பிரித்தேன். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை, கடைசிப் பக்கத்துக்குத்தான் போனேன். காசு வெட்டப்படவில்லை என்று போட்டிருந்தது. படியில் இருந்தபடியே தொலைபேசியில் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். "சரி, இனி உரலைக் கொண்டு வாரும்" என்றீர்கள். தம்பி முகாமிலிருந்து கதைத்தது அதற்குப் பிறகு. அந்தச் செய்தியையும் உங்களுக்குத்தான் முதலில் சொன்னேன். அப்போது மட்டும் நீங்கள் அழுதீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் குசினி எப்படி இருந்தது என்பது பேர்ணில் உள்ள பாதித் தமிழருக்குத் தெரியும். பதில் போடாத கடிதங்களை உடுப்புக் காயப்போடும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவீர்கள். தேத்தண்ணி போடப் போகிறவர் தலையில் முட்டும். முட்டட்டும், அப்போதுதான் பயம் போகும் என்பீர்கள். யாராவது உறையை நீட்டினால் வாங்கமாட்டீர்கள். "கடிதம் கிடக்கட்டும், நடந்ததைச் சொல்லுங்கோ" என்பீர்கள். பிறகு புளி கூடின உங்கள் குழம்போடு சோறு போட்டுத்தான் அனுப்புவீர்கள். உங்களைப் போற்றி எழுதும்போதும் அந்தக் குழம்பை நல்லது என்று என்னால் எழுத முடியாது.

போன பனிக்காலம் உங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அதை என்னிடம் நீட்டினீர்கள். "கடைசிப் பக்கத்தை வாசியும்." வாசித்தேன். ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். முழுவதும் கேட்ட பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தீர்கள்.

"இதிலை கேள்வி ஒண்டும் இல்லையே?"

"இல்லை மச்சாள்."

"அப்ப பதில் எழுதத் தேவையில்லை. தேத்தண்ணி வையும்."

அந்தக் கடிதத்தை நீங்கள் கொடியில் போடவில்லை. பனி கரைய முன்னமே நீங்கள் போய்விட்டீர்கள். உங்களைப்போல் ஒரு துணிச்சல்காரியை நான் இதுவரை கண்டதில்லை, இதை உங்களிடம் நேரே சொல்லியிருந்தால் குழம்புக்கு இன்னும் கொஞ்சம் புளி விட்டிருப்பீர்கள்.

இன்று பிரித்த கடிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பார்த்தேன். முடிவு இல்லை, கேள்விதான். தொலைபேசியில் சொன்னேன், அந்தத் தங்கச்சி தமிழில் தானே ஒரு பதிலை எழுதிக்கொண்டு பின்னேரம் வருகிறாளாம். அதன் முதல் வரி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பேனையை எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த மடலுக்கு மேலே ஒரு வரி வெட்டிக் கிடக்கிறது, பார்த்திருப்பீர்கள். 'மச்சாள், முதற்கண் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள், எழுதப் பிந்திவிட்டது' என்று பழக்கதோஷத்தில் தொடங்கிவிட்டேன். வெட்டிவிட்டேன். நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.