சாக்குச் சுற்றிய இரண்டு கதிரைகள்

என் அருமைப் பூரணத்துக்கு,

முதலில் நல்ல செய்தி. குளம் நிரம்பிவிட்டது. எங்கள் வயல் முழுவதும் பச்சை. மகள் உம்முடைய குசினியை ஆளுகிறாள். என் கறியில் மட்டும் உப்பைக் குறைத்துப் போடுகிறாள். யார் சொல்லிக் கொடுத்த வேலை அது?

இரண்டாவது செய்திக்கு நீர் சிரிப்பீர். கதிரைகளை நான் திரும்பக் கட்டவில்லை.

வயற்காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து இந்த அக்கராயன் குடியேற்றத்துக்கு லொறியில் வந்தபோது, உம்முடைய ஐயா சீதனத்தோடு தந்த, கைபிடியும் முதுகுச் சாய்வும் வைத்த இரண்டு கதிரைகளும் கூடவே வந்தன. கறையானுக்குப் பயந்து நான்தான் சாக்குச் சுற்றிக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டேன். "இரண்டு போகம் விளைஞ்சால் ஊருக்குப் போறம்தானே, அங்க போய் இருப்பம்" என்றேன். இங்கே வந்த எல்லோருக்கும் அதே பைத்தியம்தான். காய்க்கும்வரை யார் இருக்கப் போகிறார்கள் என்று ஒருவர் வளவிலும் ஒரு தென்னம்பிள்ளை வைக்கவில்லை.

இரண்டு போகம் பத்து வருடமானது. பாவாடை தடுக்கி விழுந்து திரிந்த மகள் சேலை கட்டத் தொடங்கினாள். அந்தப் பத்து வருடமும் எங்கே போயின பூரணம்? நான் வரம்பில்தானே நின்றேன், கண்ணில் படவில்லையே.

பின்னேரங்களில் நீர் பாயை உதறிப் போட்டு வயலைப் பார்த்துக்கொண்டிருப்பீர். ஒருநாள் கேட்டீர்: "இஞ்சருங்கோ, ஒருக்கா இறக்குங்கோவன். காத்து நல்லா வருது, இருந்து பாப்பம்." அடுத்த வருடம் என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அதன் பிறகு நீர் கேட்கவே இல்லை. இன்னொரு தரம் கேட்டிருக்கக் கூடாதா?

கதிரைகள் கீழே இறங்கியது உம்முடைய செத்தவீட்டன்று. ஐந்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்த உம்முடைய அண்ணர்மார் இருக்க ஒன்றுமில்லையே என்று பக்கத்து வளவுக்காரர் கயிற்றை அறுத்தார். பலகை கடையில் வாங்கிய அன்று போல மினுங்கியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் பழைய புத்தியில் சாக்கைத் தேடினேன். மகள் அந்தச் சாக்கில் நெல்லைக் கட்டி வைத்துவிட்டாள். "நான் ஓரிடமும் போகமாட்டன், ஐயா. இதுதான் என்ர ஊர். நீங்கள் இருங்கோ" என்றாள். இருந்தேன்.

இப்போது வேலை முடிகிறதோ இல்லையோ, பின்னேரமானால் இரண்டு கதிரைகளும் பாலை மரத்தடிக்கு வந்துவிடும். உம்முடையதில் அவள் இருப்பாள். சிலவேளை கதைப்பாள், சிலவேளை வயலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காற்று வந்தால் நெற்பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்கிறது. இத்தனை வருடம் அதை விதைத்தவன் நான், பார்த்தவர் நீர். அவளுக்கும் கலியாணப் பேச்சு வரத் தொடங்கிவிட்டது. இன்னும் எத்தனை பின்னேரம் இருக்குமோ, ஒன்றையும் விடுவதாயில்லை.

வாசலில் ஒரு தென்னம்பிள்ளை வைத்திருக்கிறேன். என் கதிரையின் பின்காலில் கறையான் ஏறுகிறது. தட்டிவிடுகிறேன், திரும்பவும் வருகிறது. வரட்டும். இனி ஒன்றையும் மேலே கட்டமாட்டேன் பூரணம், இது உமக்கு நான் தரும் வாக்கு. நாங்கள் இருந்து இருந்தே அவை தேயட்டும்.

மற்றக் கதிரையில் இருக்கும்,
உம்முடைய மனிசன்