நான் ஜெயித்த ஆட்டங்கள்

மச்சான்,

காலையிலிருந்து மேகம் இறங்கி வாசலை மூடிக்கொண்டு நிற்கிறது. இந்த மாதிரி நாளில் என் இடது முழங்கால் குடைய ஆரம்பித்துவிடும். செல்லாயி பச்சிலை எண்ணெயைச் சட்டியில் சுட வைத்தாள். நொச்சியும் பூண்டும் சேர்ந்து காயும் அந்த வாடை வீட்டுக்குள் பரவியதும் எனக்குக் கால் முறிந்த நாள் நினைவுக்கு வரவில்லை, கட்டுப் போட்ட வைத்தியரும் வரவில்லை. நீதான் வந்தாய். மடியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து, அதைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்துக்கொண்டே, “எந்திரிச்சு உக்காரு மாப்ளே” என்று சொன்னாய்.

நீ மலைக்காய்ச்சலில் போய் இரண்டு தை கழிந்துவிட்டது. யுத்தம் முடிந்துவிட்டது என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். உன்னிடம் சொல்லாமல் விட்டது எனக்குள் இன்னும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின ஆனி மாதம் அது. பலாப்பழம் இறக்க ஏறினவன் வழுக்கி விழுந்தேன். நம் மலையில், வளப்பூர் நாட்டில், மரத்திலிருந்து விழாத குடும்பம் கிடையாது என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கால் கூடினாலும் மரமேறி மிளகு பறிக்க முடியாது, மண்வெட்டி பிடித்து நிற்க முடியாது என்று வைத்தியர் செல்லாயியிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து நான் சுவரைப் பார்த்துப் படுத்தேன். களி கிண்டி வைத்தால் அப்படியே ஆறிக் கிடக்கும். செல்லாயி அழுவாள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போடுவாள். நான் திரும்ப மாட்டேன்.

நீ என் மாமன் மகன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். ஏற்காட்டில் வெள்ளைக்கார துரை ஒருவரின் காப்பித் தோட்டத்தில் சில காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அங்கே சமையல்காரர்களோடு உட்கார்ந்து மூணு சீட்டு கற்றுக்கொண்டிருந்தாய். எனக்கும் கற்றுக்கொடுத்தாய். ஆளுக்கு மூன்று சீட்டு. பிடித்தால் பந்தயத்தை ஏற்ற வேண்டும், பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு விலக வேண்டும். கவிழ்த்துப் போட்ட சீட்டை யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது. “அதுதான் ஆட்டத்தோட மரியாதை” என்றாய். பலாக்கொட்டைகளைப் பந்தயமாக வைத்தோம்.

முதலில் தோற்றேன். பிறகு ஜெயிக்க ஆரம்பித்தேன். என் பக்கம் கொட்டை குவியக் குவிய எனக்குப் பசித்தது. ஒருநாள் நீ வருவதற்கு முன்பே எழுந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லாயி அன்றைக்கு உனக்குத் தினைமாவில் தேன் பிசைந்து கொடுத்தாள்.

நான் ஜெயித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, செல்லாயியிடம்கூட. உன் கையில் மட்டமான சீட்டு வந்தால் நீ வலது காதைச் சொறிவாய். லேசாகத்தான், கொசு கடித்தது மாதிரி. அதை நானே கண்டுபிடித்தேன். எத்தனையோ ஆட்டம் உன் முகத்தையே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். கால் போனால் என்ன, மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கண் எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மச்சான், அந்த நினைப்பில்தான் நான் கம்பை ஊன்றி எழுந்து நடந்தேன்.

மறு வருஷம் உன்னோடு காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு இறங்கிப் போனேன். மிளகு மூட்டையை நீ சுமந்தாய், நான் கம்போடு பின்னால் வந்தேன். சந்தைக்கு ஓரமாகப் புளியமரத்தடியில் ஆட்டம் நடக்கும். சுமைக்காரர்கள், வண்டிக்காரர்கள், எப்போதாவது வியாபாரிகள். நானும் உட்கார்ந்தேன். நீயும் அதே வட்டத்தில் உட்காருவாய். சில நாள் ஜெயித்தேன், சில நாள் தோற்றேன். ஜெயித்ததெல்லாம் என் மூளை, தோற்றதெல்லாம் சீட்டின் குற்றம். அப்படித்தான் கணக்கு வைத்திருந்தேன். பந்தயம் ஏறும்போது நீ அநேகமாக மற்றவர்களை விரட்டிவிட்டு, கடைசியில் என்னிடம் விட்டுக்கொடுத்து விலகியதை நான் எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று இன்றைக்கு வியப்பாக இருக்கிறது.

நீ சும்மா இருந்திருக்கலாம். நீதான் ஊரெல்லாம் சொன்னாய். “எங்க மாப்பிள்ளையைச் செயிக்க இந்தச் சந்தையில ஆள் கெடையாதுங்க” என்று மிளகு வியாபாரியிடம் சொன்னது நீதான். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, மெய்யாலுங்களா?”

“பாத்தாத் தெரியுங்க” என்றேன் நான்.

கார்த்திகை மாதத்துச் சந்தை அது. வியாபாரி தன் உழவு மாடு ஒரு ஜோடியைப் பந்தயமாக வைத்தார். நான் தை மாதம் பறிக்கப்போகும் என் மிளகு முழுவதையும் வைக்க வேண்டும். அந்த மாடுகளை நான் அதற்கு முந்தின சந்தையிலேயே பார்த்திருந்தேன். மண்வெட்டி பிடிக்க முடியாதவனுக்கு ஒரு ஜோடி மாடு என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். நீ என் தோளைத் தொட்டு, “சாமை அறுப்பு கெடக்குது, போலாம் வா” என்றாய். நான் உட்கார்ந்துகொண்டேன். நீ போகவில்லை. பக்கத்திலேயே நின்றாய்.

எனக்கு இரண்டு ராணி வந்தது. வியாபாரி பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டு, சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் குடித்தார். பயத்தில் தொண்டை வறள்கிறது என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். சீட்டைக் காட்டச் சொன்னேன். மூன்று எட்டு, ஜோடியைவிடப் பெரிது. அவருக்கு உண்மையிலேயே தாகம், அவ்வளவுதான்.

மலையேறி வீட்டுக்கு வந்தோம். செல்லாயியிடம் நானேதான் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

அடுத்த சந்தைக்கு நீ மட்டும் போவதாகச் சொன்னாய். நான் பின்னாலேயே வந்துவிட்டேன். வியாபாரிக்கு எதிரே நீ உட்கார்ந்தாய். உன் காட்டில் விளைந்த மிளகை வைத்தாய், அவர் என்னிடம் ஜெயித்ததை வைத்தார். ஒரே ஆட்டமில்லை, கொட்டை வைத்து ஆடி, யாரிடம் கடைசியில் எல்லாம் சேர்கிறதோ அவருக்கு என்று பேச்சு. நான் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அதுவரை உன் சீட்டை உன் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை.

முதலில் உனக்கு ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று சீட்டு.  உன் கை எப்போது காதுக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. முழங்கால் மேல் கை கல் மாதிரி கிடந்தது. பந்தயத்தை ஏற்றினாய். மறுபடி ஏற்றினாய். வியாபாரி சீட்டைக் கவிழ்த்துவிட்டார். அடுத்து நல்ல சீட்டு வந்தது, அப்போதும் அதே கை, அதே மூச்சு. பிறகு மட்டமானது வந்தது, தயங்காமல் கவிழ்த்துப் போட்டுவிட்டாய். வெயில் ஏறி மரநிழல் சுருங்குவதற்குள் அவர் பக்கம் கொட்டை தீர்ந்துபோயிற்று. நீ ஒரு தடவைகூடக் காதைத் தொடவில்லை மச்சான். அது உன் பழக்கமே இல்லை.

“ஆட்டக்காரர் நீங்கதானுங்க” என்று வியாபாரி சிரித்தபடி எழுந்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பாதி மலையேறி, சுனையருகே தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் எனக்குப் பேச வாய் வந்தது.

“காதைச் சொறியலையே, மச்சான்.”

நீ குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாய். நிமிராமலே சொன்னாய். “அவருக்கெதுக்கு நான் சொறியோணும்?”

எனக்கு அந்த வார்த்தை புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் காலைவிட அதிகமாக வேறெங்கோ வலித்தது.

“அப்ப எல்லாமேவா?”

“எல்லாமே இல்ல மாப்ளே. சிலதை நீயேதான் செயிச்சே.”

“எதை?”

நீ துண்டால் முகத்தைத் துடைத்தாய். உண்மையாகவே யோசித்துப் பார்த்தாய், அதை நான் பார்த்தேன். “அது எனக்கே தெரியல” என்றாய்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ எந்திரிச்சிருப்பியா?”

“எந்திரிச்சதுக்கப்புறம்?”

நீ துண்டை உதறித் தோளில் போட்டாய்.

“அந்த ஆளு முன்னாடி நான் உக்காந்தப்ப நீ பக்கத்துலதான நின்னே. அப்பவாவது சொல்லியிருக்கலாமல்ல?”

“இத்தனை சனத்துக்கு நடுவுல எப்படிச் சொல்றது? வெக்கமாப் போச்சு” என்றாய். அப்புறம் இன்னொன்றும் சொன்னாய். “நீ செயிச்சாலும் செயிச்சுருவேன்னு இருந்துச்சு. நானே நம்பிட்டேன்.”

மிளகு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜெயித்தவன் நீ, நீயே பறித்துக்கொள் என்றேன். தை பிறந்தது. நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நீ மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து என் மரங்களில் சாய்த்தாய். செல்லாயி கூடையோடு கீழே நின்றாள். என்னிடம் வந்து, “மிளகுக்கு யாரு மேலயும் கோவமில்லீங்க. உதுந்தாக் கோழிகூடத் திங்காது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரி. அந்த மிளகில்தான் அந்த வருஷம் சாப்பிட்டோம். ஆனால் எனக்கு அது காரமாகவே இல்லை.

நீ செய்தது துரோகமா என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். உன் பங்காளிகள் நீ எனக்கு உயிர் கொடுத்தவன் என்கிறார்கள். கொடுத்தாய், மறுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவனைத் திருப்பிப் போட்டது நீதான். ஆனால் எதைக் கொண்டு எழுப்பினாயோ அது என்னுடையது என்று என்னை நம்பவைத்தாய். என் கண், என் புத்தி என்று நான் நினைத்து வைத்திருந்ததெல்லாம் உன் விரல் நுனியில் இருந்திருக்கிறது. எதிரி ஏமாற்றினால் அவனைத் திட்டிவிட்டு மறக்கலாம். நீ எனக்கு நல்லது செய்துகொண்டே ஏமாற்றினாய். அதைத் திட்டவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நாம் பேசாமல் இல்லை. விதைப்புக்கு வந்தாய், நோன்புக்கு வந்தாய், என் மகளுக்குக் காது குத்தினபோது தாய்மாமன் இல்லாத குறைக்கு நீ மடியில் வைத்துக்கொண்டாய். ஆனால் நீ என்னை எதற்காவது மெச்சினால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். உனக்கும் அது தெரிந்திருந்தது. காய்ச்சல் முற்றியிருந்தபோது பார்க்க வந்தேன். நீ என்னை அடையாளம் கண்டாய் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியவில்லை.

இப்போதும் சந்தையில் நான் சொன்ன விலைக்கு ஒருவன் சீக்கிரம் ஒத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. இவன் எதற்கு விட்டுக்கொடுக்கிறான் என்றுதான் தோன்றும். வளப்பூர் நாட்டில் யாருக்காவது வழக்கு என்றால் என்னை வந்து பேசச் சொல்கிறார்கள், என் பேச்சு எடுபடுகிறது என்கிறார்கள். இருக்கலாம். ஊன்றுகோலோடு வருகிறவன் மனம் நோகக் கூடாது என்று ஒதுங்கிக்கொள்கிறார்களோ, யார் கண்டது. கவிழ்த்துப் போட்ட சீட்டை நான் எப்படித் திருப்புவேன்?

என் மகளுக்கு ஆடுபுலி ஆட்டம் பிடித்துவிட்டது. வாசல் பாறையில் கரித்துண்டால் கோடு கிழித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். அதில் மறைக்க ஒன்றுமில்லை, எல்லாக் காயும் கண்ணெதிரே இருக்கும். நான் அவளுக்கு ஒரு ஆடுகூட விட்டுக்கொடுத்ததில்லை. தோற்றுத் தோற்று அழுவாள். “பச்சப்புள்ளைங்க, ஒருக்கா தோத்துத்தான் போங்களேன்” என்று செல்லாயி சண்டைக்கு வருவாள். நான் அசைவதில்லை. மாதக்கணக்காக இப்படித்தான்.

போன வாரம் என் புலி மூன்றையும் அடைத்துவிட்டாள். நான் எல்லாப் பக்கமும் பார்த்தேன். வழியே இல்லை. அவள் குதிக்கவில்லை. என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“நெசமாலுமே செயிச்சனாப்பா? நீயா உட்டுட்டியா?”

“நெசமாத்தான் கண்ணு. நான் உடல. நீயாத்தான் செயிச்சே.”

அவள் நம்பினாள். நம்பலாம் மச்சான், அது உண்மை. அந்த ஒரு வார்த்தையை, நான் நம்புகிற மாதிரி, நீ எனக்குச் சொல்ல முடியாதபடி செய்துகொண்டாய். நான் என் பிள்ளைக்குச் சொன்னேன்.