நான் மாட்டிய வேன் விளக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் வலிகூட இந்த வாரம் கொஞ்சம் பரவாயில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். உன் பைக்குக்குத்தான் சுகமில்லையாம், அதை உன் அம்மா சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முப்பத்தொரு வருஷமாக வேனுக்கும் லாரிக்கும் வயரிங் பார்க்கிற அப்பன் இங்கே குத்துக்கல் மாதிரி இருக்க, வண்டியில் சார்ஜ் ஏறவில்லை என்று நீ போய்ச் சொன்னது உன் மாமனாரிடம். மறைப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. மூன்று வாரமாக நீ அம்மாவிடம் போனில் பேசுவதெல்லாம் என் காதிலும் விழுகிறது. மாமா மீட்டர் வாங்கினார், மாமா பேட்டரியை அளந்தார், மாமா எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தார். வாழ்நாள் முழுக்க ஆபீஸில் ஃபைல் கட்டிய மனுஷருக்கு மீட்டரில் சிவப்பு ஒயர் எது கறுப்பு ஒயர் எது என்றாவது தெரியுமா என்று கேட்டேன், உன் அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். கல்யாணமான புதிதில் அவர் உன்னை மகளே என்று கூப்பிட்டபோதே எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, புகுந்த வீட்டுக்கு நீ புறப்படுவதற்கு முன் பைக் ஹெட்லைட்டுக்குக் கீழே நான் மாட்டிக்கொடுத்த வேன் விளக்குதான் சார்ஜைத் தின்கிறது என்று அவர் சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. வேலை முடிந்து இருட்டில் வருகிற பெண்ணுக்கு ரோடு பளிச்சென்று தெரியட்டும் என்று பார்த்துப் பார்த்து மாட்டியது அது. பழைய வண்டி, சார்ஜை அளந்து விடுகிற ரெகுலேட்டர் போயிருக்கும், அல்லது கரண்ட் தயாரிக்கிற மேக்னட் காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயரின் சாக்கெட் கருகியிருக்கும், இதுகூடத் தெரியாமல் என் விளக்கைக் குறை சொல்ல வந்துவிட்டார் என்று வீட்டையே இரண்டாக்கினேன். அவர் மூக்கை உடைப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் தபால்காரரின் பைக்கை வாங்கி வந்தேன். உன் வண்டியின் அதே மாடல், ஏறக்குறைய அதே வயசு. என்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பேட்டரியில் மீட்டரை வைத்தால் பதினாலு வோல்ட், சார்ஜ் நன்றாக ஏறுகிறது. ஹெட்லைட்டைப் போட்டால் பதின்மூன்றரை, அதுவும் சரிதான். உனக்கு மாட்டியதைப் போலவே ஒரு வேன் விளக்கை அதோடு சேர்த்துப் போட்டேன். பன்னிரண்டரைக்கு வந்தது, கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டுக்கு இறங்கியது, முறுக்க முறுக்க ஏறவே இல்லை. வண்டி தயாரிக்கிற கரண்ட் விளக்குக்கே பற்றவில்லை, மிச்சத்தைப் பேட்டரியிலிருந்து உறிஞ்சுகிறது. ஒயரை மாற்றிப் பார்த்தேன், மீட்டரை மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான். வேனில் எத்தனை விளக்கு மாட்டினாலும் தாங்கும், அதே கையோடு பைக்கிலும் மாட்டிவிட்டேன். அந்தச் சின்னக் காயில் எவ்வளவு கொடுக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உன் மாமனார் சொன்னது சரிதான் என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்ட பிறகுதான், சொல்லாதே என்று நீ அவளிடம் வாங்கிய சத்தியத்தை உடைத்தாள். முதல் நாளே அவர் ஸ்பானரோடு விளக்கைக் கழற்றப் போனாராம், நீ கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாயாம். "அது அப்பா மாட்டினது மாமா, யாரும் கழட்ட வேணாம்னு சொல்லிட்டா உங்க பொண்ணு. ரெண்டு தடவை வண்டி வழியில நின்னுபோயி வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்திருக்கா" என்றாள் உன் அம்மா. ஆளில்லாத ரோட்டில் வெளிச்சமும் இல்லாமல் நீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய், நான் இங்கே யார் பெரிய மெக்கானிக் என்று பொருமிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் இப்போது நானே சொல்கிறேன், அந்த விளக்கு வேண்டாம், கடிதம் வந்த அன்றே கழற்றிவிடுங்கள். நீ கழற்றாதே, உன் மாமனார் கையாலேயே கழற்றச் சொல். கழற்றிய ஒயர் முனை வெறுமனே தொங்கக் கூடாது, டேப் நன்றாகச் சுற்ற வேண்டும், இது அவருக்குத் தெரிந்திருக்காது, நான் சொன்னதாகச் சொல். பேட்டரியை ஒரு முறை கடையில் கொடுத்து முழுதாக சார்ஜ் ஏற்றிக்கொள். பிறகும் என்ஜின் ஓடும்போது பதின்மூன்றரைக்கு மேல் வரவில்லை என்றால் அந்த மூன்று மஞ்சள் ஒயரின் சாக்கெட்டைக் கழற்றிப் பார், உருகிய வாடை வரும். இருட்டில் மெதுவாகப் போ. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் மாமனாரையும் கேட்டதாகச் சொல், அவர் அளந்தது சரி என்றும் சொல், ஒரு தடவை சொன்னால் போதும். நீ எந்த ரோட்டிலும் நிற்காமல் வீடு வந்து சேர வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுது. அவர் நோட்டைப் பார்த்து எழுதாதே, நீயே அளந்து எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் பைக்குக்கு முதல் மெக்கானிக்,
அப்பா