உன் அப்பாவுக்குப் பராமரிப்பாளர் யார்?

அன்புள்ள மார்னிக்கு,

நீயும் டேலும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே உன் அப்பா சுகம், வாசல் வரைக்கும் பனியும் சுகம், இரண்டு வீடு தள்ளி டார்லீன் ரொம்பவே சுகம். நான் மட்டும் வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சுரங்கத்தில் வேலை பார்த்த நாளிலிருந்து உன் அப்பாவுக்கு முதுகுவலி, உனக்குத் தெரியும். போன கோடையில் டாக்டர் மருந்துக் கஞ்சாவுக்கு எழுதிக்கொடுத்து அட்டையும் வந்துவிட்டது. நம் மிச்சிகன் சட்டப்படி அட்டைக்காரர் தனக்குச் செடி வளர்த்துத்தர ஒருவரைப் பதிவுசெய்துகொள்ளலாம். அந்த ஆளுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயரைக் கேள், பராமரிப்பாளராம். உன் அப்பா பதிவுசெய்திருப்பது டார்லீனை! எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறாய், சர்ச்சில் காப்பி குடிக்கும்போது அவளே எல்லார் எதிரிலும் சொன்னாள், "கவலைப்படாதடி லோர்னா, ரெய்னோவுக்குப் பராமரிப்பாளரு நான்தான், நல்லாப் பாத்துக்கறேன்" என்று. எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. நாற்பது வருஷமாக இந்த மனிதருக்குச் சமைத்து, துவைத்து, தைலம் தேய்த்து, ஆபரேஷனுக்குக் கூடவே கிடந்து, கடைசியில் தலைநகர் லான்சிங்கில் எவனோ ஒரு அதிகாரி மேஜையில் பராமரிப்பாளர் என்று அவள் பெயர் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். "கஞ்சாச் சட்டம் ஓட்டுக்கு வந்தப்போ வேணாம்னு போட்டுட்டு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தவ நீ, உங்கிட்ட எப்படிக் கேக்கறது" என்கிறார். போட்டேன்தான், அதற்காக?

அப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை. டார்லீனை எங்கேயாவது மாட்டிவிடலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சட்டம் முழுவதும் படித்தேன். ஒரு பராமரிப்பாளர் ஐந்து நோயாளி வரைதான் வைத்துக்கொள்ளலாம், அவளிடம் சரியாக ஐந்து பேர். செடி பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும், சர்க்கரை கேட்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன், என் கை அளவுக்குப் பூட்டு. எரிச்சலோடு பக்கத்தைப் புரட்டினால், நான் வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட அந்தப் புதுச் சட்டம் கண்ணில் பட்டது. இருபத்தொரு வயது நிரம்பிய யாரும் டாக்டரும் இல்லாமல் அட்டையும் இல்லாமல் சொந்த வீட்டிலேயே பன்னிரண்டு செடி வரை வளர்த்துக்கொள்ளலாம், பூட்டி வைத்து, தெருவுக்குத் தெரியாமல் இருந்தால் போதும். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. ஓடிப்போய், இனிமேல் நீங்கள் அவள் வீட்டுப் படியேற வேண்டாம், நம் வீட்டுக் கீழறையில் நானே வளர்க்கிறேன் என்றேன். உன் அப்பா பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "அது எனக்கும் தெரியும் லோர்னா, செடிக்காக மட்டுமா போறேன்? வலிக்குதுன்னு சொன்னா அவ எங்கன்னு கேக்கறா. நீ மாத்திரை போட்டீங்களான்னு கேக்கற" என்றார். அவளை முத்தமிட்டேன் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன், மார்னி. இதற்கு என்ன சண்டை போடுவது?

நேற்று சாப்பிட்டு எழுந்திருக்கும்போது முனகினார். எங்கே என்று கேட்டேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இடது தோள்பட்டைக்குக் கீழே வைத்தார். இத்தனை வருஷமும் நான் இடுப்பில் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையை எடுக்கவே தோன்றவில்லை, ஆனால் இந்த இடம் எனக்கு முன்னால் டார்லீனுக்குத் தெரியும் என்று நினைத்ததும் மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வரும்போது டேலிடம் சொல்லி வை, இங்கே கடையில் விற்கிற கஞ்சா மிட்டாயைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஐடஹோவுக்குத் திரும்புகிற வேலை வேண்டாம். இங்கே சரி என்பது எல்லை தாண்டினால் குற்றம், உங்கள் ஊரில் ஒரு சிட்டிகைக்கும் மன்னிப்பில்லை. பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்திலும் எதையும் வைக்க விடாதே. உங்கள் நால்வரையும் கர்த்தர் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணு. அப்பாவிடம் எங்கே வலிக்கிறது என்று நீயும் கேள், ஆனால் சாயங்காலமாகக் கேள். காலையிலேயே நான் கேட்டுவிடுகிறேன்.

உன் அம்மா,
லோர்னா